கூரையில் வெயில், பேட்டரியில் பஞ்சம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லையை ஒட்டி இருக்கிறது குவார்ட்ஸைட். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 2,400 பேர் வசிக்கும் சின்ன ஊர். கோடையில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. குளிர்காலம் வந்துவிட்டால் கதை வேறு. கனடாவிலிருந்தும் வடக்கு மாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பி வருபவர்கள், வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து ஊரைச் சுற்றியுள்ள பாலைநிலத்தில் கூடாரம் போட்டதுபோல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த நிலம் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம். 1983 முதல், செப்டம்பர் 15 தொடங்கி ஏப்ரல் 15 வரை, அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கலாம். ‘நோமேட்லேண்ட்’ திரைப்படம் பார்த்தவர்களுக்கு இந்த நிலப்பரப்பு நினைவிருக்கும்.

படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள இந்த வண்டிகளை அங்கே ‘ஆர்.வி.’ என்கிறார்கள். மின்கம்பமோ தண்ணீர்க் குழாயோ இல்லாத இடத்தில் ஆர்.வி.யை நிறுத்திக் குடியிருப்பதற்கு ‘பூண்டாக்கிங்’ என்று பெயர். இப்படிக் குடியிருப்பவர்களின் வண்டிக் கூரைகளில் சோலார் பேனல்கள் வரிசையாகப் படுத்திருக்கும். வானத்தில் மேகம் மருந்துக்குக்கூட இருக்காது. இருந்தும் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் அங்கங்கே பெட்ரோல் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கும். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “பேட்டரி தாங்கவில்லை. இன்னும் ஒரு பேனல் போட வேண்டும்.”

பல நேரங்களில் இந்த முடிவு தவறானது. வெயிலைப் பிடிப்பது சுலபமான வேலை. பிடித்ததைப் பேட்டரிக்குள் முழுதாகக் கொண்டு சேர்ப்பதில்தான் சிக்கல். அங்கே குறைபாடு இருந்தால் கூரை முழுக்கப் பேனல் போட்டாலும் பேட்டரி அரைவயிற்றோடுதான் இரவுக்குள் நுழையும்.

முதலில் செலவுக் கணக்கு. ஆர்.வி.களில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட் அமைப்பு. நெடுங்காலமாகப் பலரும் விரும்பும் பேட்டரி, கோல்ஃப் மைதான வண்டிகளுக்காகச் செய்யப்பட்ட 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி. தடித்த தகடுகள் கொண்டது, ஆழமாகக் காலியாகி மீண்டும் நிறைவதைத் தாங்கக்கூடியது. இரண்டைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட், சுமார் 220 ஆம்பியர்-மணி. இதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால் தினமும் செலவழிக்கக்கூடியது 110 ஆம்பியர்-மணிதான். பாலைவனத்தில் ஜனவரி இரவு குளிரும். எரிவாயு ஹீட்டரின் காற்றாடி மட்டும் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். இரவெல்லாம் விட்டுவிட்டு ஓடி மொத்தம் ஆறு மணி நேரம் சுற்றினால் 48 ஆம்பியர்-மணி போயிற்று. கம்ப்ரஸர் வைத்த 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 40 முதல் 60 ஆம்பியர்-மணி கேட்கும். இப்போது பலரும் வைத்திருக்கும் செயற்கைக்கோள் இணையத் தட்டு சராசரியாக 60 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டாலும், 24 மணி நேரமும் அணைக்காமல் விட்டால் கணக்கு 115 ஆம்பியர்-மணிக்கு வந்து நிற்கிறது. அந்த ஒரு சாதனம் மட்டுமே இரண்டு பெரிய பேட்டரிகளின் ஒரு நாள் கொடுப்பனவை விழுங்கிவிடும்!

வரவு எவ்வளவு? குவார்ட்ஸைட் இருப்பது ஏறக்குறைய 33.7 டிகிரி வட அட்சத்தில். டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. கூரையில் தட்டையாக ஒட்டிய பேனல்மீது வெயில் சாய்வாக விழுவதால், நேராக விழும் வெயிலில் சுமார் 54 சதவீதம்தான் கிடைக்கிறது. நாள் முழுவதும் வந்த வெயிலைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். 400 வாட் பேனல் வைத்திருப்பவருக்கு ஏட்டுக் கணக்கில் 1,200 வாட்-மணி; வழியில் ஆகும் இழப்புகள் போகக் கைக்கு வருவது 900 வாட்-மணி அளவில், அதாவது சுமார் 70 ஆம்பியர்-மணி. அதே பேனலைத் தெற்கு நோக்கி நிமிர்த்தி வைத்தால் டிசம்பரில் ஒன்றரை மடங்குக்கும் மேல் கிடைக்கும். கூரையில் ஏறி நான்கு தாங்குகால்களை நிமிர்த்துவது அரைமணி நேர வேலை. இந்த வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பலர் புதுப் பேனல் வாங்குகிறார்கள் என்று தோன்றுகிறது.

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. ‘100 வாட்’ என்பது ஆய்வகத்தில், பேனலின் செல்கள் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி பாய்ச்சி அளந்தது. வெயிலில் காயும் பேனல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். வெப்பம் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் திறன் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறைகிறது. நிழல் இன்னும் பொல்லாதது. ஆர்.வி. கூரையில் ஏ.சி. பெட்டி, காற்றுப் போக்கிகள், டி.வி. ஆன்டெனா எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். பேனலில் செல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரே ஒரு செல்மீது உள்ளங்கை அளவு நிழல் விழுந்தாலும் அந்தச் சரம் முழுவதும் படுத்துவிடும். அதைத் தாண்டி மின்சாரம் போவதற்காக வைத்திருக்கும் டையோடுகள் வேலை செய்தாலும், பேனலில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ இழப்புதான்.

இதுவரை சொன்னவை கூரை விவகாரம். இனிப் பேட்டரிப் பெட்டியைத் திறக்கலாம்.

ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். அடிப்படை வேதியியல் இன்றும் அதேதான். ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் ஈய டை-ஆக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது; அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்யும்போது சல்பேட் கரைந்து, கந்தகம் மீண்டும் அமிலத்துக்குத் திரும்புகிறது. உடனடியாகக் கரைத்துவிட்டால் தொல்லையில்லை. நாள்கணக்கில் அப்படியே விட்டால் நுண்ணிய சல்பேட் துகள்கள் ஒன்றுசேர்ந்து கெட்டியான படிகங்களாகின்றன. பிறகு அவை எளிதில் கரையா. தகட்டின் அந்தப் பகுதி வேலையிலிருந்து விலகிவிட்டது என்று பொருள். 220 ஆம்பியர்-மணி பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக 180 ஆகும், 150 ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த அடையாளமும் தெரியாது.

ஆக, ஈய-அமில பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் அதிகச் செலவு இல்லை. தொடர்ந்து 85, 90 சதவீதத்தோடு நிறுத்திவிடுவதுதான். நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் டியூபுலர் பேட்டரியும் இதே இனம்தான். ஆனால் அது மின்வெட்டு வரும்போது மட்டும் வேலை செய்கிறது. மற்ற நேரமெல்லாம் மின்வாரிய மின்சாரத்தில் நிறைந்தபடியே இருக்கிறது. பாலைவனத்து ஆர்.வி.யின் பேட்டரிக்கு அந்த வசதி இல்லை. சூரியன் இறங்குவதற்குள் நிறைந்தாக வேண்டும்.

நிறைப்பதில் ஒரு விநோதம் உண்டு. பேருந்து நிலையத்தில் காலியாக வந்து நிற்கும் பஸ்ஸில் ஆட்கள் தடதடவென்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். கடைசிச் சில இருக்கைகள் நிறைய நேரமாகும். பேட்டரியும் பாதி காலியாக இருக்கும்போது கொடுத்த மின்னோட்டத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இந்தக் கட்டத்தை ‘பல்க்’ என்கிறார்கள். 80 சதவீதத்தைத் தாண்டியதும் மின்னழுத்தம் ஏறி மேல்வரம்பைத் தொடும். அதன்பின் அந்த வரம்பிலேயே நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டும். பேட்டரி உள்வாங்கும் மின்னோட்டம் தானாகவே மெல்ல மெல்லக் குறையும். இது ‘அப்ஸார்ப்ஷன்’. கடைசி 20 சதவீதம் நிறைய நான்கு மணி நேரம் பிடிப்பது சாதாரணம். பெரிய சார்ஜர் வாங்கினாலும் இந்த நேரத்தைச் சுருக்க முடியாது; வேதிவினை தன் வேகத்தில்தான் நடக்கும். நிறைந்த பிறகு 13.2 முதல் 13.6 வோல்ட் வரை இறக்கித் தாங்கிப்பிடிப்பது ‘ஃப்ளோட்’.

மேல்வரம்பு எத்தனை வோல்ட் என்பதில் வண்டி விற்பவர்களும் கருவி விற்பவர்களும் கோட்டைவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றும் வகை ஈய பேட்டரிக்கு, மாதிரியைப் பொறுத்து 14.4 முதல் 14.8 வோல்ட் வரை வேண்டும். அதுவும் 25 டிகிரி வெப்பநிலையில். குளிரில் வேதிவினை மந்தமாவதால் இன்னும் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு செல்லுக்கு டிகிரிக்கு 5 மில்லிவோல்ட் என்பது வழக்கமான திருத்தங்களில் ஒன்று. ஆறு செல்லுக்கு 30 மில்லிவோல்ட். பேட்டரி 5 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால் 20 டிகிரி வித்தியாசம்; 14.8 கேட்கும் பேட்டரிக்கு 0.6 வோல்ட் சேர்த்து 15.4 வோல்ட் கொடுத்தால்தான் சரியாக நிறையும். பழைய ஆர்.வி.களில் கம்பெனியிலிருந்தே பொருத்தி வரும், வெளி மின்சாரத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர்களோ எந்நேரமும் 13.6 வோல்ட்டில் நின்றுவிடும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்கும் சோலார் கன்ட்ரோலர்கள் பலவற்றில் அப்ஸார்ப்ஷன் நேரம் இரண்டு மணி என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்திருப்பார்கள். உரிமையாளர் கையேட்டைத் திறந்து மாற்றாவிட்டால், பேட்டரி நிறைவதற்குள் கன்ட்ரோலர் ஃப்ளோட்டுக்கு இறங்கி, பச்சை விளக்கையும் போட்டுவிடும். பச்சை விளக்கைப் பார்த்து நம்பியவரின் பேட்டரி நெடுநாள் தாங்குவதில்லை.

இதைவிடப் பெரிய திருடன் ஒருவன் இருக்கிறான்: கேபிள்.

12 வோல்ட் அமைப்பில் மின்னழுத்தம் குறைவு. ஆகவே மின்னோட்டம் அதிகம். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி ஓம். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு ஐந்து மீட்டர் தூரம் என்றால், போக வர பத்து மீட்டர், மொத்தம் 0.03 ஓம். பார்க்க ஒன்றுமில்லாத எண்தான். இதில் 20 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட்டைப் பார்த்து, “வரம்பைத் தொட்டாயிற்று” என்று முடிவுகட்டி அப்ஸார்ப்ஷன் கடிகாரத்தை ஓட விடுகிறது. பேட்டரி முனையில் அப்போது இருப்பது 13.8. மின்னோட்டம் குறையக் குறைய இழப்பும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கடிகாரம் முன்கூட்டியே ஓடத் தொடங்கிவிட்டதே! பகல் பத்து மணி நேரமே உள்ள டிசம்பரில் அப்படித் தொலைந்த ஒரு மணி நேரத்தைத் திரும்பப் பெற வழியில்லை. கம்பியை 25 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் அதே 20 ஆம்பியரில் இழப்பு 0.14 வோல்ட்டுக்கு இறங்குகிறது. கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் நகர்த்தினால் இன்னும் நல்லது. உள்ளே அழகாகத் தெரியவேண்டும் என்று டி.வி.க்குப் பக்கத்தில் கன்ட்ரோலரை மாட்டிவிட்டு, பேட்டரியை வண்டியின் முன் கொக்கிக்கு மேலே வைக்கும் அமைப்புகளுக்குக் குறைவில்லை. அழகுக்குக் கொடுக்கும் விலை அது.

கூரையிலிருந்து கன்ட்ரோலர் வரை வரும் கம்பிக்கு வேறொரு தந்திரம் உண்டு. 18 வோல்ட்டில் இயங்கும் 100 வாட் பேனல்கள் மூன்றைப் பக்க இணைப்பில் போட்டால் 16.5 ஆம்பியர் வரும். தொடர் இணைப்பில் போட்டால் 54 வோல்ட், 5.5 ஆம்பியர். மின்னோட்டம் மூன்றில் ஒன்றானால் கம்பியில் வீணாகும் திறன் ஒன்பதில் ஒன்றாகிவிடும். மெல்லிய கம்பியே போதும். ஆனால் தொடர் இணைப்பில் ஒரு பேனல்மீது நிழல் விழுந்தால் மொத்தச் சரத்தின் மின்னழுத்தமும் அடிவாங்கும். கூரையில் நிழல் எங்கே விழுகிறது என்று காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் ஏறிப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

54 வோல்ட்டை 14 வோல்ட் பேட்டரிக்கு மாற்றிக் கொடுக்க எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர் தேவை. பேனல் எந்த மின்னழுத்தத்தில் அதிகபட்சத் திறனைத் தருகிறதோ அந்தப் புள்ளியை விடாமல் தேடிப்பிடித்து, உபரி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருவது இதன் வேலை. விலை மலிவான பி.டபிள்யூ.எம். வகை, பேனலைப் பேட்டரியோடு நேரடியாகக் கோத்து, தேவைப்படும்போது துண்டித்துத் துண்டித்து இணைக்கும் ஒரு சுவிட்ச். பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் பேனலும் 13-க்கு இழுத்துவரப்படும். 5.5 ஆம்பியரை 13-ஆல் பெருக்கினால் 72 வாட். ‘100 வாட்’ பேனலில் கால்வாசிக்கு மேல் பயன்படாமல் கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொளுத்தும் வெயிலில் பேனலின் 18 வோல்ட்டே ஏறக்குறைய 15.5-க்கு இறங்கிவிடுவதால் இந்த இரண்டு வகைகளுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கிவிடும். குளிர்ந்த காலையில், காலியான பேட்டரியோடு இருக்கும்போதுதான் எம்.பி.பி.டி. தன் விலைக்கு நியாயம் செய்கிறது. பி.டபிள்யூ.எம். வைத்தவருக்கு வெயில் நாளில் வேறு ஆபத்து: 15.5-இல் மெல்லிய கம்பி 0.9 வோல்ட்டைத் தின்றால் மிச்சம் 14.6. பேட்டரி கேட்பது 14.8 என்றால் உச்சி வெயிலிலும் அதை எட்டவே முடியாது.

இப்போது மாலை நேரத்து ஜெனரேட்டருக்கு வருவோம். சூரியன் இறங்கும்போது பேட்டரி 85 சதவீதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 ஆம்பியர் சார்ஜரை மாட்டினாலும் ஈய பேட்டரி அதில் ஒரு பகுதியைத்தான் ஏற்கும். நிமிடத்துக்கு நிமிடம் அதுவும் குறையும். இரண்டு மணி நேரம் பெட்ரோல் எரித்துப் பக்கத்து வண்டிக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தும் உள்ளே போவது சொற்பம். அதே ஜெனரேட்டரை விடிந்ததும் ஓட்டினால்? இரவெல்லாம் செலவாகிப் பேட்டரி 55 சதவீதத்துக்கு வந்திருக்கும். 50 ஆம்பியரையும் முழுதாக விழுங்கும். ஒரு மணி நேரத்தில் 50 ஆம்பியர்-மணி ஏறிவிடும். பத்து மணிக்கு மேல் சூரியன் பொறுப்பேற்று, நிதானமான அப்ஸார்ப்ஷன் வேலையைச் சாயங்காலம் வரை சத்தமில்லாமல் செய்து முடிக்கும். வேகமாக ஏறும் பகுதிக்கு இயந்திரம், மெதுவாக ஏறும் பகுதிக்குச் சூரியன். ஜெனரேட்டர் இருந்தும் பேட்டரியை இழப்பவர்களில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்.

பேட்டரி உண்மையில் நிறைந்ததா என்று கண்டறிய ஈய பேட்டரிக்கு ஹைட்ரோமீட்டரை மிஞ்சிய கருவி இல்லை. ரப்பர் குமிழை அழுத்தி, முனையைச் செல்லுக்குள் விட்டு, மெல்ல விடுவித்தால் கண்ணாடிக் குழாயில் அமிலம் ஏறும்; உள்ளே மிதவை எழும்பும். கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, திரவம் மிதவையைத் தொடும் கோட்டைப் படிக்க வேண்டும். 1.265 முதல் 1.280 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது. 1.225 என்றால், பச்சை விளக்கு எரிந்தாலும் பேட்டரி பசியோடுதான் இருக்கிறது. ஆறு செல்களில் ஒன்று மட்டும் பின்தங்கியிருந்தால், 15 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துக் கட்டுப்பாடாகக் கொதிக்கவிடும் ‘ஈக்வலைஸ்’ சிகிச்சை தேவைப்படலாம். அந்த நேரத்தில் ஹைட்ரஜன் வெளியேறும். பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். பக்கத்தில் தீப்பொறி கூடாது. முடிந்ததும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். மூடி திறக்க முடியாத ஜெல் வகைக்கு இந்த வைத்தியம் ஆகாது.

தினசரி வரவு செலவுக்கு ‘ஷன்ட்’ வைத்த மீட்டர் போதும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் பொருத்தப்படும் கனத்த உலோகத் துண்டு அது. 500 ஆம்பியர் ஓடினால் அதன் குறுக்கே சரியாக 50 மில்லிவோல்ட் விழும்படி செய்யப்பட்டிருக்கும். அந்த நுண்ணிய மின்னழுத்தத்தை அளந்து, உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்ததையும் மீட்டர் இடைவிடாமல் கூட்டிக் கழிக்கும். முழுதாக நிறைந்ததா என்பதையும் இதுவே சொல்லும்: மேல்வரம்பு வோல்ட்டில் இருக்கும்போது உள்ளே போகும் மின்னோட்டம் பேட்டரிக் கொள்ளளவில் 2 சதவீதத்துக்குக் கீழே வந்தால், 220 ஆம்பியர்-மணிக்கு 4.4 ஆம்பியர், வேலை முடிந்தது. எந்த நெகட்டிவ் இணைப்பும் ஷன்ட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பேட்டரி முனைக்குப் போகக் கூடாது. ஒரு கம்பி அப்படிப் போனாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

இந்த விதிகளில் பாதியைக் கடந்த சில ஆண்டுகளில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி தலைகீழாக்கிவிட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் உலகுக்கு அறிமுகப்படுத்திய வேதியியல் இது. ஆய்வுக் கட்டுரையில் அவரோடு கையெழுத்திட்ட பாதி என்பவரும் நஞ்சுண்டசுவாமி என்பவரும் இந்தியர்கள். பல அணு அயனிகள் கொண்ட சேர்மங்களை மின்முனையாக்கும் அடிப்படை ஆய்வை 1980-களிலேயே குட்இனஃபோடு சேர்ந்து செய்தவர், தமிழ்நாட்டில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 97 வயதில் குட்இனஃபுக்கு 2019-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை வழங்கியவரும் மந்திரம்தான்.

லித்தியத்துக்குத் தினமும் நிறைய வேண்டிய கட்டாயம் இல்லை. சல்பேட் படியும் பேச்சே கிடையாது. 60 சதவீதத்தில் நாள்கணக்கில் இருந்தாலும் கெடாது. சொல்லப்போனால் வெயிலில் நூறு சதவீதத்தோடு மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதுதான் அதற்குப் பிடிக்காது. கொள்ளளவில் 80 சதவீதத்தையும் தாண்டிச் செலவழிக்கலாம். கடைசிவரை வேகமாக ஏற்றுக்கொள்வதால் நான்கு மணி நேர அப்ஸார்ப்ஷன் காத்திருப்பும் இல்லை. எடையோ பாதிக்கும் குறைவு. குளிர்காலத்தில் குறுகிய பகலை நம்பி வாழும் ஆர்.வி.காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அதற்கென்று சில பிடிவாதங்கள் இருக்கின்றன. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. குளிரில் லித்தியம் அயனிகள் கிராஃபைட் முனைக்குள் நுழைய முடியாமல், மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் நிரந்தரமானது. உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படவும் வழியுண்டு. நல்ல பேட்டரிகளில் உள்ள மேலாண்மைச் சுற்று, பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது சார்ஜைத் துண்டித்துவிடும். ஈய பேட்டரியைப் போல வெளிப்பெட்டியில் வைக்காமல் குடியிருக்கும் பகுதிக்குள் கட்டிலடியில் வைப்பது இதனால்தான். இரண்டாவது, வோல்ட்டைப் பார்த்து இருப்பைக் கணிக்க முடியாது. கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் ஓய்வு நிலை மின்னழுத்தம் 0.3 வோல்ட் அளவே மாறும். ஷன்ட் மீட்டர் இங்கே கட்டாயம். அந்த மீட்டரின் கணக்கும் நாள்பட நழுவும் என்பதாலும், உள்ளே உள்ள செல்கள் சமநிலைக்கு வருவது உச்சியில்தான் என்பதாலும், லித்தியத்தையும் அவ்வப்போது ஒருமுறை முழுதாக நிறைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வண்டி எஞ்சினின் ஆல்டர்னேட்டர். ஈய பேட்டரி நிறைய நிறையத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் காற்றாடியும் மெதுவாகவே சுற்றுவதால் குளிர்ச்சி போதாமல் அது கருகிப்போகலாம். நிறைந்த கணத்தில் பேட்டரி திடீரென்று தன்னைத் துண்டித்துக்கொண்டால், எழும்பும் மின்னழுத்த உதறல் ஆல்டர்னேட்டரின் டையோடுகளைப் பதம்பார்க்கும். நடுவில் ஒரு டி.சி.–டி.சி. சார்ஜரைப் போட்டு 30 ஆம்பியர் அளவில் கட்டுப்படுத்துவதே பாதுகாப்பு. பழைய ஈய பேட்டரியைக் கழற்றிய இடத்தில் லித்தியத்தை வைத்துவிட்டு வேறெதையும் மாற்றாமல் கிளம்புவது, விளம்பரங்கள் சொல்வதுபோல அவ்வளவு எளிதில்லை.

எந்த வேதியியலாக இருந்தாலும் ஒரு பழக்கம் எல்லோருக்கும் பொருந்தும். மதியம் பேட்டரி நிறைந்துவிட்டால் கன்ட்ரோலர் பேனலைத் தடுத்து நிறுத்திவிடும். அதற்குப் பின் வரும் வெயில் யாருக்கும் பயனில்லை. மடிக்கணினி, செல்பேசி சார்ஜ், தண்ணீர் சூடாக்குவது, மைக்ரோவேவ் சமையல் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குத் தள்ளினால் அவ்வளவும் இலவசம். இன்வெர்ட்டரைத் தேவையில்லாதபோது அணைப்பதும் பெரிய மிச்சம். எந்தச் சாதனமும் ஓடாமல் அது சும்மா விழித்திருப்பதற்கே 20 வாட் எடுத்தால், ஒரு நாளைக்கு 480 வாட்-மணி. 400 வாட் பேனல் டிசம்பரில் ஈட்டித் தரும் 900-இல் பாதிக்கும் மேல் அங்கேயே போய்விடுகிறது. ஏ.சி.யைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி போதும்: ஆர்.வி. கூரை ஏ.சி. 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும். சூடு தாங்காவிட்டால் குளிர்ந்த மலைப்பக்கமாக வண்டியை ஓட்டிப் போவதே சிக்கனம்.

மலைத்தோட்டத்து வீட்டிலோ, கம்பம் வராத பண்ணையிலோ பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் வைத்துச் சமாளிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்றால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தெளிவான நாளில், பேட்டரி இன்னும் நிறையாமல் மின்னோட்டம் உச்சத்தில் ஓடும் முற்பகலில், மல்டிமீட்டரை முதலில் கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளிலும் அடுத்துப் பேட்டரியின் முனைகளிலும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அடுத்த பேனலுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் தடித்த கேபிளை வாங்குங்கள்.